அடுத்த திங்கள் வரை: ராவும் நைட்ரோவும்

1995 செப்டம்பர் 4 முதல் 2001 மார்ச் 26 வரை அமெரிக்காவில் திங்கள்கிழமை இரவென்றால் மல்யுத்த ரசிகர்களுக்கு இரண்டு சேனல்கள். ஒன்றில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் ‘மண்டே நைட் ரா’, இன்னொன்றில் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் ‘மண்டே நைட்ரோ’. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று கை நழுவும். ரிமோட்டைக் கீழே வைக்காமல் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள்தான் அந்தத் தலைமுறை ரசிகர்கள்.

இந்தப் போட்டியைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் அது முதலாளிகளின் கதையாகவே சொல்லப்படுகிறது: டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மக்மேன் எப்படி வென்றார், டபிள்யூ.சி.டபிள்யூ. உரிமையாளர் டெட் டர்னரின் பணம் எப்படிக் கரைந்தது, அதை நடத்திய எரிக் பிஷாஃப் எங்கே சறுக்கினார் என்று. எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியம். மல்யுத்தத்தின் முடிவுகள் முன்பே எழுதப்பட்டவை என்பது ரசிகனுக்குத் தெரியும். தெரிந்தும் வாரம் தவறாமல் உட்காருகிறான். அப்படி உட்காரும் ஒருவனுக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் என்ன கொடுத்தன? என் கணிப்பு இது: தனியாக ஓர் இரவை எடுத்துக்கொண்டால் நைட்ரோ பல நேரம் மேலானது. இந்தத் திங்களையும் அடுத்த திங்களையும் முடிச்சுப் போடும் வேலையில் ரா மேலானது. வார நிகழ்ச்சிக்கு அந்த முடிச்சுதான் உயிர். நைட்ரோ ஏன் தோற்றது என்பதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்கிறார்கள். ரசிகன் கண்ணிலிருந்து பார்த்தால் முதல் காரணம் இதுதான்.

ரா மூத்தது. 1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில், யோகோசூனா – கோகோ பி. வேர் மேட்சோடு தொடங்கியது. சின்ன அரங்கம், ஒரு மணி நேர நிகழ்ச்சி. அதுவரை தொலைக்காட்சி மல்யுத்தம் என்றால் நட்சத்திர வீரர் பெயர் தெரியாத ஒருவரை இரண்டு நிமிடத்தில் சாய்ப்பதுதான். ரா அந்த வழக்கத்தை மெல்ல உடைத்தது. அதே ஆண்டு மே மாதம், ரேசர் ரமோன் என்ற பெரிய நட்சத்திரத்தை ஒல்லியான, யாரென்றே தெரியாத ஒரு பையன் தோற்கடித்தான். வாரநாள் நிகழ்ச்சியிலும் எதுவும் நடக்கலாம் என்று ரசிகர்கள் நம்பத் தொடங்கிய இரவுகளில் அதுவும் ஒன்று. ஆனால் ராவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. செலவைக் குறைக்க ஒரு வாரம் நேரலையாக நடத்திவிட்டு, அடுத்த வாரங்களுக்கானதை அப்போதே படம்பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

நைட்ரோ அந்த இடத்தில்தான் கை வைத்தது. மினசோட்டா மாநிலத்தின் மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்தின் நடுவில் ரிங் போட்டு, கடைகளுக்கு வந்த கூட்டம் மாடி மாடியாக நின்று பார்க்க, முதல் நிகழ்ச்சி நேரலையாக நடந்தது. அன்று அமெரிக்க ஓப்பன் டென்னிஸுக்காக ரா ஒளிபரப்பாகவில்லை. களம் காலியாக இருந்தது. ஜப்பானின் ஜூஷின் தண்டர் லைகரும் பிரையன் பில்மனும் மோதிய மேட்சோடு நிகழ்ச்சி தொடங்கியது. ரிக் ஃப்ளேர் – ஸ்டிங் மோதல் நடந்துகொண்டிருந்தபோது லெக்ஸ் லூகர் நடந்து வந்தார். அதற்கு முந்தைய நாள்வரை டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேடையில் இருந்தவர் அவர். வர்ணனையாளர்கள் திகைத்தார்கள், ரசிகர்களும் திகைத்தார்கள். முதல் நாளிலேயே நைட்ரோ தன் குணத்தைக் காட்டிவிட்டது: பார்க்கத் தவறினால் நஷ்டம் உனக்கு.

அந்தக் குணத்தின் உச்சம் 1996 மே 27, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரம். யாரும் கவனிக்காத ஒரு சாதாரண மேட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்வையாளர் வரிசைகளுக்கு நடுவிலிருந்து ஜீன்ஸ் உடையில் ஒருவர் எழுந்து, தடுப்பைத் தாண்டி ரிங்குக்குள் ஏறுகிறார். பாட்டு இல்லை, விளக்கு இல்லை, பெயர் அறிவிப்பும் இல்லை. மேட்ச் அப்படியே நின்றுபோகிறது. மைக்கை வாங்கி, நான் யாரென்று உங்களுக்குத் தெரியும், ஏன் வந்தேன் என்றுதான் தெரியாது என்ற பொருளில் பேசுகிறார். அவர் ஸ்காட் ஹால். சில வாரங்களுக்கு முன்புவரை ராவின் ரேசர் ரமோன். அடுத்து கெவின் நாஷ் வந்தார். ஜூலை 7 அன்று ஹல்க் ஹோகன் இவர்களோடு சேர்ந்து வில்லனானார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளின் நாயகனாக இருந்தவரை நோக்கி ரசிகர்கள் குப்பைகளை வீசினார்கள், ரிங் நிறைந்துபோனது. என்.டபிள்யூ.ஓ. என்ற கும்பல் இப்படித்தான் பிறந்தது. நம் ஊர்ச் சிறுவர்கள் டிரம்ப் கார்டுகளில் பார்த்துப் பழகிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். முகங்கள் பலவும் அப்போது நைட்ரோவில்தான் இருந்தன. 83 வாரங்கள் தொடர்ச்சியாக ரேட்டிங்கில் ராவை நைட்ரோ முந்தியது. முந்தியது நியாயமும்கூட. அந்தக் காலத்து நைட்ரோவுக்கு இணையாக வார மல்யுத்தத்தில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

1997ஆம் ஆண்டுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்ற ஆண்டு. ஏனென்றால் அந்த ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளுமே, மேட்ச் ஆடாத ஒருவரை வைத்துக் கதை நடத்தின.

நைட்ரோவில் ஸ்டிங். 1996 செப்டம்பரில் என்.டபிள்யூ.ஓ. கும்பல் அவரைப் போலவே வேஷம் போட்ட ஒருவரைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து ஸ்டிங்கின் சொந்த நண்பர்களே அவரைச் சந்தேகித்தார்கள். மனம் உடைந்து அவர்களுக்கு முதுகு காட்டிப் பேசிவிட்டுப் போனவர், விரைவிலேயே பேசுவதையே நிறுத்திவிட்டார். வெள்ளை பூசிய முகம், கறுப்புக் கோட்டு, கையில் பேஸ்பால் மட்டை. அரங்கத்தின் கூரைச் சட்டங்களில் நின்று கீழே பார்ப்பார். சில வாரங்களில் கயிற்றில் இறங்கி வருவார், நாலு பேரை அடிப்பார், போய்விடுவார். ஓராண்டுக்கும் மேல் ஒரு மேட்ச் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு திங்களும் ரசிகர்கள் கேமராவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். மல்யுத்தத்தில் மௌனத்தை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியவர்கள் வேறு யாரும் இல்லை.

ராவில் ஸ்டீவ் ஆஸ்டின். 1997 ஆகஸ்ட் 3 அன்று சம்மர்ஸ்லாம் மேட்சில் ஓவன் ஹார்ட் போட்ட ஒரு பைல்டிரைவர் தவறி, ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதியது. கழுத்தில் கடும் காயம். சில நொடிகள் கைகால் அசையவில்லை. நிறுவனத்தின் மிகச் சூடான நட்சத்திரம் மேட்ச் ஆட முடியாத நிலை. ஸ்டிங் எழுதப்பட்ட கதைக்காக ஆடாமல் இருந்தார். ஆஸ்டின் உண்மையிலேயே ஆட முடியாமல் இருந்தார். ரா அந்த உண்மையையே கதையாக்கியது. ஆட அனுமதி இல்லை என்பதால் அவர் கோபம் இன்னும் கூடியது. செப்டம்பர் 22 அன்று ரா முதன்முறையாக மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. வின்ஸ் மக்மேன் ரிங்குக்குள் வந்து, உன் உடம்பைப் பற்றி எங்களுக்குக் கவலை, டாக்டர் சொல்வதைக் கேள், அமைப்புக்குக் கட்டுப்பட்டு நட என்று பக்குவமாகப் பேசினார். பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அதுவரை அவர் வர்ணனையாளர் மட்டும்தான். ஆஸ்டின் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. அடுத்த நொடி ஸ்டன்னர், ஆஸ்டினின் முத்திரை அடி. வின்ஸுக்கு வீரர்களைப் போல் விழத் தெரியாது. கையும் காலும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு சரிந்தார். அந்தக் கோணலான விழுகைதான் அதை நிஜமாக்கியது. போலீஸ் ஆஸ்டினுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப்போக, அரங்கமே எழுந்து நின்றது. முதலாளியை அடிக்கும் தொழிலாளி என்ற கதை அங்கேதான் முளைவிட்டது.

இரண்டும் சம அளவில் நன்றாக வளர்க்கப்பட்ட கதைகள்தான். வித்தியாசம் அறுவடையில். ஸ்டிங் கதை 1997 டிசம்பர் 28 அன்று வாஷிங்டனில் ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் முடிய வேண்டும். ஓராண்டாக ரசிகர்கள் காத்திருந்தது ஒரே ஒரு காட்சிக்கு: ஸ்டிங் ஹோகனை ஐயத்துக்கு இடமின்றி வீழ்த்த வேண்டும். நடந்தது என்ன? முதலில் ஹோகன் ஸ்டிங்கைச் சாய்த்தார். நடுவர் அநியாயமாக வேகமாக எண்ணிவிட்டார் என்பது கதை. ஆனால் அவர் சாதாரண வேகத்தில்தான் எண்ணினார், பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. அதற்குமேல் பிரெட் ஹார்ட் வந்து, அநியாயம் என்று சொல்லி மேட்சை மறுபடி தொடங்க வைத்தார். ஸ்டிங் ஜெயித்தார், ஆனால் அந்த ஜெயிப்பில் ஒரு கறை இருந்தது. மறுநாள் நைட்ரோவில் மீண்டும் மோதல், அதன் முடிவு வருவதற்குள் ஒளிபரப்பு நேரம் தீர்ந்துவிட்டது. சில நாட்களில் பெல்ட்டும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஓராண்டு கூரையைப் பார்த்த ரசிகனுக்குக் கிடைத்தது இதுதான்.

ஆஸ்டின் கதை 1998 மார்ச் 29 அன்று பாஸ்டனில் ரெஸில்மேனியாவில் முடிந்தது. ஷான் மைக்கேல்ஸுக்கு ஸ்டன்னர், குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் மூன்று எண்ணினார், ஆஸ்டின் சாம்பியன். குழப்பம் எதுவும் இல்லை. மறுநாள் ராவிலேயே வின்ஸ் வந்து, நீ எங்களுக்குத் தகுந்த சாம்பியனாக நடந்துகொள்ள வேண்டும் என்று பழைய பேச்சை எடுத்தார். முடிந்த கதையின் வாலிலிருந்து அடுத்த கதை தொடங்கிவிட்டது. ஏப்ரல் 13 அன்று பிலடெல்பியாவில், ஆஸ்டின் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வின்ஸோடு மோதுவதாக அறிவிப்பு. ரிங்கில் இருவரும் நேருக்கு நேர் நின்றபோது டியூட் லவ் வேஷத்தில் மிக் ஃபோலி புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டார். மேட்ச் நடக்கவே இல்லை. ஆனால் அன்றுதான் ரா 4.6, நைட்ரோ 4.3. அந்த 83 வாரத் தொடர் நடக்காத ஒரு மேட்சால் முறிந்தது. வருவதாகச் சொன்னதை வரவிடாமல் நிறுத்தி, அதற்காக ரசிகன் கோபப்படாமல் அடுத்த வாரமும் வரும்படி செய்வது லேசான காரியமில்லை.

நைட்ரோ அதோடு சுருண்டுவிடவில்லை. 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் ஏறக்குறைய 40,000 பேர் முன்னிலையில் கோல்ட்பெர்க் ஹோகனை வீழ்த்திச் சாம்பியனானார். ஊரே தன் பிள்ளையாகக் கொண்டாடியவன், தோல்வியே அறியாதவன். தனிக் கட்டணம் வாங்கிக் காட்டியிருக்க வேண்டிய மேட்சை இலவசமாகத் தொலைக்காட்சியில் கொடுத்துவிட்டார்கள் என்று இன்றுவரை விமர்சகர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. அந்த மேட்சைப் பார்க்கும்போது அரங்கத்தின் இரைச்சலில் வர்ணனையே அமிழ்ந்துபோகிறது. வாரநாள் நிகழ்ச்சி ரசிகனுக்குச் செய்த மிகப்பெரிய மரியாதை அது. குறை அதன்பின் நடந்ததில் இருக்கிறது. ஆறே நாளில் நடந்த பெரிய நிகழ்ச்சியில் முதன்மை மேட்ச் புதுச் சாம்பியனுக்குக் கிடைக்கவில்லை. கூடைப்பந்து வீரர்கள் டென்னிஸ் ராட்மனும் கார்ல் மலோனும் பங்கெடுத்த ஜோடி மேட்சுக்குப் போயிற்று. அதிலும் ஒரு பக்கம் ஹோகன்தான். தோற்றவர் கடைசியில் வருகிறார், ஜெயித்தவர் முன்பே வந்து போகிறார். ரசிகன் இதை எப்படிப் படிப்பான்?

1999 ஜனவரி 4 அன்று எல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிட்டது. ரா அன்று நேரலை இல்லை. டிசம்பர் 29 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டரில் படம்பிடித்தது. அதில் மிக் ஃபோலி, ராக் என்ற நட்சத்திரத்தை வீழ்த்திச் சாம்பியனாகிறார். நைட்ரோவின் வர்ணனையாளர் டோனி ஷியவோனி, மேலிட உத்தரவின்படி, அந்த முடிவை நேரலையிலேயே போட்டுடைத்து, இதற்கெல்லாம் கூட்டம் வரப்போகிறதாக்கும் என்று ஏளனமும் செய்தார். லட்சக்கணக்கானவர்கள் உடனே ராவுக்கு மாறினார்கள். முடிவு தெரிந்த பின்னும் மாறினார்கள். உடம்பு முழுக்கத் தழும்பும் பல் போன வாயுமாக, தலைமை நட்சத்திரத்துக்குரிய ஒரு லட்சணமும் இல்லாத மனிதர் பெல்ட்டைத் தூக்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாறினார்கள். ஆஸ்டின் வருவதை அறிவிக்கும் கண்ணாடி உடையும் சத்தம், அவர் வருகை, ராக் தலையில் நாற்காலி, ஃபோலியை இழுத்து ராக் மேல் போட்டது, மூன்று எண்ணிக்கை. ஃபோலி பெல்ட்டைத் தலைக்கு மேலே பிடித்து அழுதுகொண்டே தன் பிள்ளைகளை நினைத்துக் கத்திய கத்தலை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

அதே இரவு நைட்ரோ, ஆறு மாதம் முன்பு கோல்ட்பெர்க் ஜெயித்த அதே ஜார்ஜியா டோமில் இருந்தது. கோல்ட்பெர்க் வருவார் என்று சொல்லிவிட்டு, அவரைக் கதைப்படி போலீஸ் பிடித்துப்போனதாகக் காட்டினார்கள். பதிலுக்கு, அப்போது பெல்ட்டை வைத்திருந்த நாஷோடு ஹோகனுக்குச் சாம்பியன் மேட்ச். ஹோகன் ஒரு விரலால் நாஷின் நெஞ்சைத் தொட்டார், நாஷ் மல்லாக்க விழுந்தார், ஹோகன் சாம்பியன். டிக்கெட் எடுத்து வந்த ஊர்க்காரர்கள் கண்முன் நடந்தது இது. அன்றைய ரேட்டிங் ரா 5.7, நைட்ரோ 5.0. எண்ணைவிட முக்கியம், நைட்ரோ ரசிகனுக்கு அடுத்த வாரத்தின் மேலிருந்த நம்பிக்கை அன்று போனது.

ஆனால் ராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போகவும் எனக்கு மனம் வரவில்லை. ரிங்கில் நடக்கும் மல்யுத்தம்தான் உனக்கு முக்கியம் என்றால் நைட்ரோவின் முதல் ஒரு மணி நேரத்துக்கு ரா உறை போடக் காணாது. ரே மிஸ்டீரியோ, எடி கெரெரோ, டீன் மலென்கோ, கிறிஸ் ஜெரிக்கோ, அல்டிமோ டிராகன், ஹுவென்டுட் கெரேரா என்று எடை குறைந்த குரூசர்வெயிட் பிரிவு வீரர்கள் மெக்சிகோ பாணியையும் ஜப்பான் பாணியையும் அமெரிக்க வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் ராவின் மேட்சுகள் மூன்று நான்கு நிமிடத்தில் குறுக்கீட்டில் முடியும். பெண்களை ரா நடத்திய விதமோ வெட்கக்கேடு. 1998, 99 நிகழ்ச்சிகளில் பல காட்சிகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. அன்றைய காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் நான் தயாரில்லை. நைட்ரோ இந்த விஷயத்தில் பெரிய உத்தமம் இல்லை, ஆனால் ரா அளவுக்குத் தாழவில்லை.

நைட்ரோவின் துயரம், அந்த இளம் வீரர்களைக் கீழ்வரிசையிலேயே வைத்திருந்ததுதான். மேலே ஹோகன், நாஷ், சாவேஜ் என்று ராவிலிருந்து வந்த பழைய பெயர்கள். ஜெரிக்கோ 1999 ஆகஸ்டில் ராவுக்கு வந்து, 2001 டிசம்பரில் ஒரே இரவில் ராக்கையும் ஆஸ்டினையும் வீழ்த்தி இரு பட்டங்களையும் ஒன்றாக்கிய முதல் சாம்பியனானார். கெரெரோ 2004இல் பிராக் லெஸ்னரை வென்று சாம்பியன். மிஸ்டீரியோவின் முகமூடியை நைட்ரோ நிறுவனம் 1999இல் ஒரு மேட்சில் கழற்ற வைத்தது. அவர் மறுபடி முகமூடி அணிந்து 2006 ரெஸில்மேனியாவில் உலக சாம்பியனானார். இதற்கு மறுபக்கமும் உண்டு: ராவைத் தூக்கி நிறுத்திய ஆஸ்டின், ஃபோலி, டிரிபிள் எச், அண்டர்டேக்கர் நால்வருமே முன்பு டபிள்யூ.சி.டபிள்யூ.வில் இருந்தவர்கள். அங்கே ஆஸ்டினை 1995இல் வேலையைவிட்டே நீக்கினார்கள். கையில் இருப்பவனிடம் நாளைய நட்சத்திரத்தைப் பார்க்கும் கண் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

1998 ஜனவரியில் நைட்ரோ மூன்று மணி நேரமானதையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தை வாரா வாரம் நிரப்ப எந்தக் கதையாலும் முடியாது. நீட்டி நீட்டிப் பேசுவார்கள், நேற்றைய சண்டையை இன்றும் போடுவார்கள். கடைசியில் ஏ.ஓ.எல். – டைம் வார்னர் இணைப்புக்குப் பின் டர்னர் சேனல்களின் நிர்வாகம் மல்யுத்தமே வேண்டாம் என்றது. வின்ஸ் மக்மேன் டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்கினார். 2001 மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கடைசி நைட்ரோ. கடைசி மேட்சில் ஃப்ளேரும் ஸ்டிங்கும் மோதினார்கள், முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ராவுக்குத் திங்கள்கிழமை இரவில் நிலைத்து நின்ற எதிரி இல்லை. அதன் விளைவு 2012 ஜூலையில் பளிச்சென்று தெரிந்தது: 1000ஆவது நிகழ்ச்சியோடு ராவும் மூன்று மணி நேரமானது. நைட்ரோவைத் தளரவைத்த அதே நீளத்தை, அதை வென்றவர்களே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மாற்றிப் போட இன்னொரு சேனல் இல்லாததால் ரசிகனுக்குப் போக்கிடம் இல்லை. 2019 அக்டோபரில் ஏ.இ.டபிள்யூ. நிறுவனத்தின் ‘டைனமைட்’, முன்பு நைட்ரோ ஓடிய அதே டி.என்.டி. சேனலில் புதன்கிழமைகளில் வந்த பிறகுதான் வாரநாள் மல்யுத்தத்தில் மறுபடி கொஞ்சம் சூடு ஏறியது. ரா 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிருக்கிறது. மூன்று மணி நேரக் கட்டாயம் இப்போது தளர்ந்திருப்பது நல்ல செய்தி.

புதிதாக மல்யுத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும் ‘சிறந்த தருணங்கள்’ வேண்டாம். அவற்றில் கோல்ட்பெர்க்கின் வெற்றியும் ஃபோலியின் கண்ணீரும் இருக்கும், அவற்றுக்காக மக்கள் காத்திருந்த வாரங்கள் இருக்காது. 1996 மே மாதத்திலிருந்து 1998 ஏப்ரல் வரையுள்ள நிகழ்ச்சிகளைத் தேதி வரிசைப்படி, ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடி என்று முழுசாகப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் முதலில் நைட்ரோ, அதன்பிறகு ரா.